ஆல்மன் பிரதர்ஸ்: ஃபில்மோர் ஈஸ்ட் இசைத்தட்டை நீங்கள் முதலில் கேட்டது எப்போது?

தூத்துக்குடித்_தட்டு எழுதியது:

அமெரிக்க ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸின் கிட்டார் கலைஞர் டிக்கி பெட்ஸ் 2024 ஏப்ரலில் மறைந்த நாளிலிருந்தே இந்த இழையைத் தொடங்க வேண்டும் என்று மனதில் வைத்திருந்தேன். டுவேன், பெர்ரி, புட்ச், கிரெக், இப்போது டிக்கி. ஆரம்பத்தில் இருந்த ஆறு பேரில் ஜெய்மோ மட்டும்தான் மிச்சம். அவர் இருக்கும்போதே இந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் மனம் விட்டுப் பேசிவிடலாமே.

முதலில் என் கதை. என் அண்ணன் சரக்குக் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை பார்த்தான். 1984-இல் ஜார்ஜியாவின் சவானா துறைமுகத்தில் கப்பல் நின்றபோது, பழைய தட்டுகள் விற்கிற கடையில் ஓர் இரட்டை இசைத்தட்டு வாங்கினான். நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் மண்டபத்தில் இவர்கள் வாசித்த கச்சேரியின் பதிவு. குழுவின் பெயரைக்கூட அவன் அதற்கு முன் கேட்டதில்லை. அட்டைப்படத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறான். செங்கல் சுவர், அதன் முன்னால் கருவிப் பெட்டிகள், அவற்றின் மேல் ஆறு நீளமுடிக்காரர்கள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "இப்படிச் சிரிக்கிறவங்க நல்லாத்தான் வாசிப்பாங்கன்னு தோணுச்சு" என்றான்.

முதல் பக்கத்தில் ஊசியை வைத்தான். ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ். டுவேனின் ஸ்லைடு கிட்டார் (விரலில் மாட்டிய குழாயைக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பது) எழுந்த மறுகணம் அம்மா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "யாருடா அது அழுறது?" என்று கேட்டாள். ஒரு கருவியின் குரல் இப்படிக் கேட்கும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நான்காவது பக்கம் முழுக்க ஒரே பாட்டு. விப்பிங் போஸ்ட், 23 நிமிடம். எங்கள் தட்டில் அதன் கடைசியில் ஒரு கீறல். பெரிய மேளம் உருளத் தொடங்கும் இடத்தில் ஊசி சிக்கிக்கொண்டு அதே இடத்தைச் சுற்றும். அண்ணன் எழுந்து போய் ஊசியைத் தூக்கி வைப்பான். அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்பது பல வருடம் எங்களுக்குத் தெரியாது.

சரி, நீங்கள் எப்போது கேட்டீர்கள்? எந்த இடம் இன்னும் கூடவே வருகிறது?


ஆறுகம்பி எழுதியது:

அருமையான தொடக்கம் அண்ணே. அந்த அழுகைக்குப் பின்னால் ஒரு மருந்துக் குப்பி இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

1968 நவம்பரில் டுவேனுக்கு 22-ஆவது பிறந்தநாள். கடுமையான சளி வேறு. குதிரையிலிருந்து விழுந்ததில் முழங்கையிலும் அடி. தம்பி கிரெக் இரண்டு பொருள்களை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்: தாஜ் மகால் என்ற ப்ளூஸ் பாடகரின் முதல் இசைத்தட்டு, கோரிசிடின் என்ற சளி மாத்திரை ஒரு குப்பி. அந்தத் தட்டில் ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ் இருந்தது. ஜெஸ்ஸி எட் டேவிஸ் அதில் ஸ்லைடு வாசித்திருப்பார். டுவேன் மாத்திரைகளைக் கொட்டிவிட்டு, லேபிளைக் கழுவி எடுத்துவிட்டு, கண்ணாடிக் குப்பியை மோதிர விரலில் மாட்டிக்கொண்டு அன்றே தொடங்கிவிட்டார். கிரெக் பல முறை சொன்ன கதை இது. பாட்டு அதைவிடப் பழையது. ஜார்ஜியாவைச் சேர்ந்த கண்பார்வையற்ற பாடகர் வில்லி மெக்டெல் 1928-இல் பதிவு செய்தது.

நானும் கண்ணாடிக் குப்பியை விரலில் மாட்டிப் பார்த்தவன்தான். கம்பியை அழுத்தக் கூடாது, தொட்டுக்கொண்டு மிதக்க வேண்டும். கிட்டார் கழுத்தில் உள்ள உலோகக் கட்டைக்கு நேர் மேலே கண்ணாடி நிற்க வேண்டும். ஒரு நூல் பின்வாங்கினாலும் சுருதி இறங்கிவிடும். பின்னால் இருக்கும் விரல்கள் மற்ற கம்பிகளை மெல்ல அணைத்துப் பிடிக்காவிட்டால் எல்லாம் சேர்ந்து இரைச்சலாகிவிடும். எனக்கு ஒரு வரி சுத்தமாக வர எட்டு மாதம் ஆனது. டுவேன் ஸ்லைடு வாசிக்கும்போது வலக்கையில் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்துக்கொள்ள மாட்டார், வெறும் விரல்தான். அதனால்தான் ஒவ்வொரு சுரமும் வாயால் பாடியதுபோல் தொடங்குகிறது. சித்ரவீணை கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தக் குழைவு அந்நியமாகவே இருக்காது.


தகிட_தகிட எழுதியது:

நான் மிருதங்கம் படித்தவன். இந்தக் குழுவுக்குள் நான் நுழைந்தது தாளத்தின் வழியாக.

விப்பிங் போஸ்ட் தொடங்கும்போது பெர்ரி ஓக்லியின் பேஸ் கிட்டார் தனியாக வருமே, அதை முதல் தடவை கேட்டபோது என் கை தானாகத் தொடையில் போட ஆரம்பித்தது. எங்கோ இடித்தது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தகிட தகிட தகிட தக. பதினொன்று! ராக் பாட்டில் பதினொன்று வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. பாட்டு வரி தொடங்கியதும் கடைசி 'தக' நீண்டு 'தகிட' ஆகிப் பன்னிரண்டாகிவிடும். அந்த ஒரு அட்சரம் கூடும் இடத்தில் மூச்சு விட இடம் கிடைத்ததுபோல் இருக்கும்.

கிரெக்குக்குத் தான் பதினொன்றில் எழுதியதே தெரியாதாம். அண்ணன் டுவேன்தான் எண்ணிப் பார்த்துச் சொன்னாராம். பாட்டு பிறந்ததும் அப்படித்தான். நடு ராத்திரியில் மனதில் வந்துவிட்டது, விளக்குப் போட்டால் வீட்டில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடுவார்கள், காகிதமும் கைக்கு அகப்படவில்லை. தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தக் கரியால் இஸ்திரிப் பலகையின் துணி உறையில் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு 21 வயது.

அப்புறம் இரண்டு டிரம்ஸ். புட்ச் ட்ரக்ஸ் ரயில் வண்டி மாதிரி, தடம் மாறாமல் இழுத்துக்கொண்டு போவார். ஜெய்மோ ஓடிஸ் ரெடிங்குக்கு வாசித்தவர், ஜாஸில் ஊறியவர். ரயில் போகிற போக்கில் ஜன்னல் வழியே தெரிகிற மரம், ஆறு, விளக்கு எல்லாம் அவர் போடுவது. மைல்ஸ் டேவிஸையும் கோல்ட்ரேனையும் குழுவுக்குள் கொண்டுவந்ததும் அவர்தான். மிருதங்கமும் கடமும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் இடம் விட்டு ஒருவர் நிரப்புவார்களே, அதைத்தான் இந்த இரண்டு பேரிடமும் கேட்டேன்.

1969-இல் அமெரிக்கத் தென் மாநிலத்தில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குழுவாக, ஒரே வண்டியில், ஒரே உணவகத்துக்குள் நுழைவது சாதாரண விஷயமில்லை. ஜெய்மோவை வெளியே நிறுத்துகிற இடத்தில் மற்றவர்களும் சாப்பிட மாட்டார்கள்.


வெள்ளிமாலை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இந்த இழையும் நேராக டுவேன் பக்கமே சாயும் என்று தெரிகிறது. டிக்கி பெட்ஸ் மறைந்ததற்காகத் தொடங்கிய இழை இது, அவரைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லையே.

1973-இல் வந்த பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ் அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. ரேம்ப்ளின் மேன் இரண்டாம் இடம் வரை ஏறியது. எழுதியதும் பாடியதும் டிக்கி. அதே வருடம் ஜூலை 28, வாட்கின்ஸ் க்ளென் திடலில் கிரேட்ஃபுல் டெட், த பேண்ட் ஆகிய குழுக்களுடன் இவர்கள் வாசித்தபோது ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் கூடினார்கள். டுவேன் போன பிறகு, பெர்ரியும் போன பிறகு, நொறுங்கிக் கிடந்த குழுவை எழுப்பி நிறுத்தியவர் யார்?

நான் முதலில் கேட்டது ஜெசிக்கா. தவழ்கிற வயதில் இருந்த மகளுக்காக டிக்கி போட்ட மெட்டு அது. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்குத் தீ விபத்துக்குப் பிறகு இடக்கையில் இரண்டு விரல்தான் முழுதாக வேலை செய்தது. அவருக்கு மரியாதையாக டிக்கியும் இரண்டு விரலால் மட்டும் வாசித்து அந்த மெட்டைக் கண்டுபிடித்தார். நடுவில் சக் லெவலின் பியானோ வரும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை அது ஓடாமல் இட்லி வேகாது.


ஆறுகம்பி எழுதியது:

வெள்ளிமாலை சார், நீங்கள் சொன்ன தட்டுகள் எல்லாம் என்னிடமும் இருக்கின்றன, ஆசையோடு கேட்கிறேன். ஆனால் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு இந்தக் குழு 1971 அக்டோபர் 29-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தது நல்ல இசை, மிக நல்ல இசை. ஆனால் அது வேறு குழு.

டுவேன் அன்று, குழு குடியிருந்த ஜார்ஜியாவின் மேக்கன் நகரத்தில் மோட்டார் சைக்கிளில் போனபோது எதிரே ஒரு லாரி திரும்பியது. 25 வயதாக மூன்று வாரம் பாக்கி. மூன்று வருடத்துக்கு முன்புதான் அந்தக் குப்பியை விரலில் மாட்டினார். மூன்றே வருடத்தில் வில்சன் பிக்கெட்டுக்கு, அரீதா ஃபிராங்க்ளினுக்கு, எரிக் கிளாப்டனின் லைலா தட்டுக்கு, அப்புறம் சொந்தக் குழுவுக்கு என்று வாசித்துத் தீர்த்துவிட்டார். அந்தக் கணக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.


வெள்ளிமாலை எழுதியது:

அது எனக்கும் அடைக்கும். ஆனால் லைலாவைச் சொன்னீர்களே, அந்த ராத்திரியையே எடுத்துக்கொள்வோம். 1970 ஆகஸ்ட், மயாமியில் திறந்தவெளிக் கச்சேரி. தயாரிப்பாளர் டாம் டவுட் கிளாப்டனை அழைத்து வந்து மேடைக்கு முன்னால் உட்கார வைக்கிறார். டுவேன் கண்ணை மூடி ஒரு தனி வாசிப்பில் இருக்கிறார். கண்ணைத் திறந்தால் கீழே கிளாப்டன். கை அப்படியே நின்றுவிட்டது. அந்த இடைவெளியை ஒரு நொடிகூட விடாமல் பிடித்துக்கொண்டு வாசித்தது டிக்கி. டாம் டவுட் இதைச் சொல்லிச் சொல்லியே பிரபலமான கதை.

இந்தக் குழுவில் தலைமைக் கிட்டார் ஒன்றல்ல, இரண்டு. அதுதான் டுவேன் கேட்டு அமைத்தது. அவரை வைத்துத் தனி ஆளாகத் தட்டு போட ஆட்கள் இருந்தார்கள். அவர் வேண்டாமென்று இரண்டு டிரம்ஸ், இரண்டு கிட்டார் என்று போனார். தனக்குச் சமமான ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அந்த ஆளைப் பின்னணிக்காரராகப் பேசினால் டுவேனின் எண்ணத்தையே நாம் தள்ளிவிடுகிறோம்.


தகிட_தகிட எழுதியது:

இது நல்ல வாதம். ஒன்று சேர்க்கிறேன். நம் கச்சேரியில் வயலின்காரர் பாடகரின் அதே சுரத்தைத்தான் பின்தொடர்வார். இவர்கள் இரண்டு பேரும் ஒரே மெட்டை ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரத்தில் எடுப்பார்கள். ஒருவர் ஸ என்றால் இன்னொருவர் க. எனக்கு முதலில் ஒட்டவில்லை. இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட் கேட்ட பிறகுதான் அதன் ருசி பிடிபட்டது. தொடக்கத்தில் டிக்கி ஒலிக் குமிழைத் திருகித் திருகி, மீட்டும் ஓசையை மறைத்து, வயலின்போல் ஒவ்வொரு சுரத்தையும் வீங்க வைப்பார். கண்ணை மூடிக் கேட்டால் கிட்டார் என்றே சொல்ல மாட்டீர்கள். 13 நிமிடத்தில் அது எங்கெங்கோ போய்த் திரும்பும்.


அட்லாண்டாவாசி எழுதியது:

எலிசபெத் ரீட் கல்லறையை நான் நேரில் பார்த்திருக்கிறேன்!

அட்லாண்டாவிலிருந்து மேக்கன் ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். ரோஸ் ஹில் பழைய கல்லறைத் தோட்டம், மேடும் பள்ளமுமாகப் படி இறங்கிக்கொண்டே போகும். கீழே ரயில் தண்டவாளம், அதைத் தாண்டி ஓக்மல்கி ஆறு. காசில்லாத நாளில் இவர்கள் ஆறு பேரும் அங்கேதான் போய் உட்கார்ந்து பாட்டு எழுதுவார்கள். டிக்கி அப்போது ஒரு பெண்ணை நினைத்து ஒரு மெட்டுப் போட்டார். அவள் பெயரை வெளியே சொல்ல முடியாத நிலை. பக்கத்துக் கல்லில் இருந்த எலிசபெத் ஜோன்ஸ் ரீட் நேப்பியர் என்ற பெயரை எடுத்து வைத்துவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த ஓர் அம்மாள், தன் பெயரில் இப்படி ஒரு வாத்திய இசை உலகம் சுற்றுகிறது என்று தெரியாமல் தூங்குகிறார். அந்தக் கல்லின் முன் நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முழுதாகக் கேட்டேன். நடுவில் ஒரு சரக்கு ரயில் போனது. நிறுத்தாமல் கேட்டேன்.

டுவேனும் பெர்ரியும் அதே தோட்டத்தில் அருகருகே இருக்கிறார்கள், சுற்றி வேலி. பெர்ரி இறந்தது 1972 நவம்பர் 11. அவரும் மோட்டார் சைக்கிள்தான், ஒரு பஸ்ஸில் மோதினார். டுவேன் விழுந்த இடத்திலிருந்து மூன்றே தெரு தள்ளி. அவருக்கும் வயது 24. டுவேன் போன பிறகு அந்த ஒரு வருடம் பெர்ரி பெர்ரியாகவே இல்லை என்று கூட இருந்தவர்கள் சொல்வார்கள். இப்போது கிரெக்கும் புட்சும்கூட அங்கேதான்.

மதியம் எச் அண்ட் எச் உணவகத்தில் சாப்பிட்டேன். 1959-இல் லூயிஸ் ஹட்சன் அம்மாவும் உறவினர் ஐனஸ் ஹில் அம்மாவும் தொடங்கிய சின்னக் கடை. ஆரம்ப நாள்களில் இவர்கள் இரண்டு தட்டு வாங்கி எல்லாரும் பங்கு போட்டுச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, லூயிஸ் அம்மா ஆளுக்கொரு தட்டு வைத்துவிட்டார். காசு பிறகு கொடுங்கள் என்றார். பெயர் வந்த பிறகு அவரைத் தங்களோடு பயணத்துக்கும் அழைத்துப் போனார்கள். சுவர் முழுக்க இவர்கள் படங்கள்தான். கோழி வறுவலைக் கடித்துக்கொண்டே அந்தப் படங்களைப் பார்த்தபோது, ஆறு பசித்த பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஒரு விஷயத்தைத் திருத்தியாக வேண்டும். டுவேன் பீச் பழ லாரியில் மோதி இறந்தார், அதனால்தான் அடுத்த தட்டுக்கு ஈட் எ பீச் என்று பெயர் என்று ஒரு கதை சுற்றுகிறது. இது பொய். அந்த லாரியில் பழம் எதுவும் இல்லை. ஒரு பேட்டியில் டுவேன், ஜார்ஜியாவில் இருக்கும்போதெல்லாம் அமைதிக்காக ஒரு பீச் பழம் சாப்பிடுகிறேன் என்ற பொருளில் சொல்லியிருந்தார். அதிலிருந்து வந்த பெயர். யாராவது இனி அந்தக் கதையைச் சொன்னால் தயவுசெய்து மறுத்துச் சொல்லுங்கள்.


தூத்துக்குடித்_தட்டு எழுதியது:

அட்லாண்டாவாசி, படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. நன்றி.

எங்கள் அண்ணன் பார்த்து வாங்கிய அட்டைப்படமும் அந்த மேக்கனில் எடுத்ததுதான். ஜிம் மார்ஷல் எடுத்தார். காலையிலேயே எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்தியதால் எல்லாரும் கடுப்பில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார்களாம். அந்த நேரம் தெருவில் போதைப்பொருள் விற்கிற ஒரு தெரிந்த ஆள் போக, டுவேன் எழுந்து ஓடி, அவனிடமிருந்து கேட்டதை வாங்கி மடியில் மறைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போல் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் வெடித்துச் சிரித்த அந்த நொடிதான் படம். பின்னட்டையில் அதே சுவர், ஆனால் கருவி தூக்குகிற உதவியாட்கள் கையில் பீர் டப்பாவோடு. தங்களுக்காக மூட்டை சுமப்பவர்களைப் பின்னட்டை முழுக்க நிறுத்திய குழு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.


டாப்கியர்_தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 23 வயது. டாப் கியர் கார் நிகழ்ச்சியின் தொடக்க இசை பிடித்துப்போய்த் தேடியதில் ஜெசிக்கா கிடைத்தது, அதிலிருந்து இங்கே வந்தேன். ஃபில்மோர் தட்டைப் போட்டேன், உண்மையைச் சொன்னால் நான்காவது பாட்டிலேயே தொலைந்துவிட்டேன். யூ டோன்ட் லவ் மீ 19 நிமிடம் ஓடுகிறது. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?


வெள்ளிமாலை எழுதியது:

வா தம்பி. ஜெசிக்கா வழியாக வந்தவன் என் கட்சி! நீ நேராக ஃபில்மோருக்குப் போக வேண்டாம். ஈட் எ பீச் தட்டில் ப்ளூ ஸ்கை என்று ஐந்து நிமிடப் பாட்டு இருக்கிறது. டிக்கி எழுதிப் பாடியது. வரி முடிந்ததும் முதலில் டுவேன் வாசிப்பார், வெயில் அடிக்கிற மாதிரி. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்ன வரியைக் கைகோத்து வாசிப்பார்கள். அதிலிருந்து டிக்கி எடுத்துக்கொண்டு போவார். டுவேன் கடைசியாக ஸ்டுடியோவில் வாசித்தவற்றில் அது ஒன்று. எந்த இடத்தில் கை மாறுகிறது என்று கண்டுபிடி. கண்டுபிடித்துவிட்டால் இந்தக் குழு உனக்குப் புரிந்துவிட்டது.

ஆறுகம்பி, உங்களுக்கும் இதே வேண்டுகோள்தான்.


தகிட_தகிட எழுதியது:

தம்பி, யூ டோன்ட் லவ் மீ பாட்டுக்கு ஒரு வழி சொல்கிறேன். பாதியில் எல்லாரும் நிறுத்திவிட்டு டுவேன் மட்டும் தனியாக நிற்பார். மண்டபமே அமைதி. அந்த அமைதியில் கூட்டத்திலிருந்து ஒரு குரல், ராத்திரி முழுக்க வாசியுங்கள் என்று ஆங்கிலத்தில் கத்தும். அதைக் கேட்கும் வரை காத்திரு. அந்த ஆள் நம் எல்லாருக்காகவும் கத்தியிருக்கிறான். கடைசிப் பகுதியில் டுவேன் தனக்குள்ளே தேடிக்கொண்டே போய், ஜாய் டு த வேர்ல்டு என்ற கிறிஸ்துமஸ் பாட்டின் மெட்டைத் தொடுவார். மார்ச் மாதத்தில் கிறிஸ்துமஸ். முன்கூட்டித் திட்டமிட்டு வருவதாக எனக்குத் தோன்றியதே இல்லை. கை போன வழியில் அந்த மெட்டு எதிர்ப்பட்டிருக்கிறது.

அந்த வேண்டுகோளும் கிட்டத்தட்ட நிறைவேறியது. தட்டு பதிவானது 1971 மார்ச் 12, 13 ஆகிய இரண்டு நாள் கச்சேரிகளில். கடைசி ராத்திரி வெடிகுண்டு மிரட்டல் வந்து மண்டபத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. எல்லாம் சரியாகி இவர்கள் மறுபடி மேடை ஏறும்போது நடுநிசி தாண்டிவிட்டது. முடித்தபோது வெளியே விடிந்திருந்தது.


ஆறுகம்பி எழுதியது:

டாம் டவுட்டுக்கும் இங்கே ஒரு நன்றி. முதல் நாள் டுவேன் ஊதுகருவிக்காரர்களையும் மேடையில் ஏற்றிவிட்டார். ஒலிப்பதிவு வண்டியில் உட்கார்ந்திருந்த டவுட்டுக்குப் பகீரென்றது. சுருதியே சேரவில்லை. அன்று கச்சேரி முடிந்ததும் டுவேனை உட்கார வைத்துப் பதிவைப் போட்டுக் காட்டினார். மறுநாள் ஊதுகருவி கிடையாது. ஒவ்வொரு ராத்திரியும் இப்படித்தான், வாசித்த கையோடு போய் விடிய விடியத் தங்கள் வாசிப்பையே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். எது நன்றாக வந்துவிட்டது, எதை நாளை மறுபடி வாசிக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு. அந்தத் தட்டு வெறும் அதிர்ஷ்டத்தில் வந்ததில்லை.

வெள்ளிமாலை சார், ப்ளூ ஸ்கை நேற்று ராத்திரி நான்கு தடவை கேட்டேன். இருபது வருடமாகக் கேட்கிற பாட்டு. இதுவரை டுவேன் முடித்ததும் என் கவனம் போய்விடும், அதை ஒப்புக்கொள்கிறேன். டிக்கியின் பகுதி டுவேன் விட்ட வாக்கியத்தின் அடுத்த சொல்லிலிருந்து தொடங்குகிறது. 'வேறு குழு' என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.


நியூஜெர்சிக்காரி எழுதியது:

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆறுகம்பி எழுதியதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

2014 அக்டோபர் 28, நியூயார்க் பீக்கன் தியேட்டரில் கடைசிக் கச்சேரிக்கு நான் போயிருந்தேன். 1989-இல் தொடங்கி ஏறக்குறைய வருடா வருடம் அவர்கள் வாசித்த அரங்கம். அன்று ஆரம்ப ஆறு பேரில் மேடையில் இருந்தவர்கள் கிரெக், புட்ச், ஜெய்மோ மூவர்தான். கிட்டாரில் வாரன் ஹேன்ஸும் டெரெக் ட்ரக்ஸும். டெரெக் புட்சின் சகோதரர் மகன். டுவேன் இறந்து ஏறக்குறைய எட்டு வருடம் கழித்துப் பிறந்தவர். பெயர்கூட லைலா தட்டைப் போட்ட டெரெக் அண்ட் த டாமினோஸ் குழுவிலிருந்து வைத்தது. அவரும் கண்ணாடியை விரலில் மாட்டிக்கொண்டு பிக் இல்லாமல்தான் வாசிப்பார். அலி அக்பர் கானின் சரோட் கேட்டு ஊறியவர் என்பதால் அவர் இழுப்பில் நம் பக்கத்து வாசனையும் வரும்.

மூன்று பகுதியாக வாசித்தார்கள். நடுநிசி தாண்டியதும் அரங்கத்தில் பலருக்கும் அது தெரிந்துவிட்டது. தேதி 29 ஆகிவிட்டது. டுவேனின் நினைவு நாள். எல்லாம் முடிந்த பிறகு கையைக் கோத்து முன்னால் வந்து நின்றார்கள். அப்புறம் கிரெக், தாங்கள் எல்லாரும் சேர்ந்து முதன்முதலில் வாசித்த பாட்டோடு முடிப்பதாகச் சொன்னார். 1969 மார்ச்சில் ஜாக்சன்வில்லில் தொடங்கிய பாட்டு, ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸின் ட்ரபிள் நோ மோர். நான்கு நிமிடம் இருக்கும். என் பக்கத்து நாற்காலியில் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர், முகமே தெரியாதவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடியும் வரை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

2017-இல் ஜனவரியில் புட்சும் மே மாதம் கிரெக்கும் போனார்கள்.


டாப்கியர்_தம்பி எழுதியது:

அக்கா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

ப்ளூ ஸ்கையில் கை மாறும் இடத்தைப் பிடித்துவிட்டேன். ஃபில்மோரில் அந்தக் குரலையும் கேட்டுவிட்டேன். இப்போது விப்பிங் போஸ்டில் இருக்கிறேன். தொடங்குவதற்கு முன் டுவேன் பாட்டின் பெயரைச் சொல்வதற்குள் கூட்டத்தில் ஒருவர் பெயரைக் கத்திவிடுகிறார், இவரும் நீ கண்டுபிடித்துவிட்டாய் என்கிறார். அது ரொம்பப் பிடித்தது. ஒரு சந்தேகம். பாட்டு முடிந்த பிறகும் மேளம் உருண்டுகொண்டே இருக்கிறது, கிட்டார் வேறு ஏதோ தொடங்குகிறது, அதற்குள் ஒலி தேய்ந்து போய்விடுகிறது. என் கோப்பில் ஏதாவது கோளாறா?


தூத்துக்குடித்_தட்டு எழுதியது:

கோளாறு இல்லை தம்பி. எங்கள் தட்டில் கீறல் விழுந்த இடமே அதுதான்.

விப்பிங் போஸ்ட் முடிகிறபோது அவர்கள் நிறுத்தவில்லை. புட்ச் பெரிய டிம்பனி மேளத்தை உருட்டிக்கொண்டே இருக்க, அப்படியே மவுண்டன் ஜாமுக்குள் நுழைகிறார்கள். டானவன் பாடிய ஒரு சின்னப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு 33 நிமிடம் விரித்தது. தட்டில் இடமில்லை, அதனால் தொடக்கத்தில் தேய்த்து முடித்துவிட்டார்கள். அடுத்த வருடம் ஈட் எ பீச் வந்தபோது அதே ராத்திரியின் மவுண்டன் ஜாமை அதில் சேர்த்தார்கள், இரண்டு பக்கம் பிடித்தது. அந்தத் தட்டு வருவதற்குள் டுவேன் இறந்துவிட்டார். ஒரு தட்டின் கடைசி நொடியும் அடுத்த தட்டின் அந்தப் பாட்டும் ஒரே மூச்சு. இப்போது நீ இரண்டையும் ஒட்டிக் கேட்டுப் பார்.

நான் இதைத் தெரிந்துகொண்டது குறுந்தட்டு வாங்கிய பிறகுதான், தொண்ணூறுகளின் நடுவில். அண்ணன் கப்பல் வேலையை விட்டுவிட்டு அப்போது வேறு ஊரில் இருந்தான். சொல்லிக்கொள்ளவே இல்லை, அப்படியே விட்டுப் போயிற்று.


டாப்கியர்_தம்பி எழுதியது:

ஒட்டிக் கேட்டேன் அண்ணே. முதல் தட்டில் தேயும்போது ஒலியைக் கூட்டிக்கொண்டே போய், அடுத்ததைப் போட்டால் மேளம் தொடர்கிறது! எல்லாரும் மெதுவாக ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். இன்றைக்கு மட்டும் மூன்று தடவை. நீங்கள் அண்ணனுக்கு இதைப் போட்டுக் காட்டியே ஆக வேண்டும்.


வெள்ளிமாலை எழுதியது:

வழிமொழிகிறேன்.


தூத்துக்குடித்_தட்டு எழுதியது:

தம்பி சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனேன். 68 வயது ஆகிறது அவனுக்கு. காது கொஞ்சம் மந்தம், அதனால் பெரிய ஸ்பீக்கர் எடுத்துப் போயிருந்தேன். என்ன போடப் போகிறேன் என்று சொல்லவில்லை. பெர்ரியின் பேஸ் தொடங்கியதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "நாலாவது பக்கம்" என்றான். அதற்கு மேல் பேசவில்லை. 23 நிமிடமும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். அண்ணி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் காப்பியை ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் மேளம் உருள ஆரம்பித்தது. அண்ணன் கண்ணைத் திறந்தான். கைப்பிடியில் கையை ஊன்றி எழுந்து, ஸ்பீக்கர் பக்கம் நான்கு அடி நடந்துவிட்டான், ஊசியைத் தூக்கி வைக்க.